பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ளவரைக் கல்யாணம் செய்தால் பிரான்ஸ் போக முடியுமா? புதுச்சேரிக் குடும்பங்கள் தெரிஞ்சுக்க வேண்டியவை

புதுச்சேரி, காரைக்கால் பக்கம் வரன் பார்க்கும் வீடுகளில் ஜாதகம், படிப்பு, சம்பளம் ஆகியவற்றோடு இன்னொரு கேள்வியும் வரும். "பையனுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி இருக்கா?" இருக்கு என்று சொல்லிவிட்டால் பேச்சின் போக்கே மாறிவிடும். பொண்ணு பாரிஸ் போயிடுவா, பிறக்கிற பிள்ளைகள் அங்கேயே படிக்கும் என்று வீடே கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

பெண்ணுக்கு பிரெஞ்சு குடியுரிமை இருந்தால் மாப்பிள்ளை வீட்டிலும் இதே கணக்குதான்.

ஆனால் இந்த உரிமை வானத்திலிருந்து வந்ததல்ல. 60 ஆண்டுகளுக்கு முன் ஒரு தாத்தாவோ பாட்டியோ போட்ட கையெழுத்தில், அல்லது அவர் பிறந்த ஊரில் இருந்து தொடங்குவது. நடுவில் ஒரு காகிதம் காணாமல் போனாலும் சங்கிலி அறுந்துவிடலாம். அதை நம்பிக் கல்யாணம் முடித்தவருக்கு விசா கையில் கிடைக்காமல் போகலாம்.

இந்த உரிமை எப்படி வந்தது? யாருக்கு உண்டு? கணவன் அல்லது மனைவி வழியாக பிரான்ஸ் போக என்ன செய்ய வேண்டும்? போன பிறகு என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

புதுச்சேரியில் பிரெஞ்சு குடிமக்கள் எப்படி வந்தார்கள்?

புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய நான்கு பகுதிகளின் நிர்வாகம் 1954 நவம்பர் 1-ம் தேதி இந்தியாவின் கைக்கு வந்தது. ஆனால் சட்டப்படி அன்றே எல்லாம் முடிந்துவிடவில்லை.

இந்தப் பகுதிகளை முறைப்படி ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956 மே 28-ல் கையெழுத்தானது. பிரெஞ்சு நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தர 1962 வரை ஆனது. 1962 ஆகஸ்ட் 16-ம் தேதிதான் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரியில் ஆகஸ்ட் 16-ஐ சட்டப்பூர்வ பரிமாற்ற நாள் என்று இன்றும் அனுசரிப்பதற்குக் காரணம் இதுதான்.

குடியுரிமை விஷயத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்தத் தேதிதான்.

அந்த 6 மாதத்தில் என்ன நடந்தது?

ஒப்பந்தம் சொன்னது இதுதான். இந்தப் பகுதிகளில் பிறந்து, அங்கேயே குடியிருந்த பிரெஞ்சு குடிமக்கள் 1962 ஆகஸ்ட் 16 முதல் இந்தியக் குடிமக்கள் ஆகிவிடுவார்கள். பிரெஞ்சு குடியுரிமையே வேண்டும் என்றால், 6 மாதத்துக்குள் எழுத்துமூலம் விருப்பம் தெரிவிக்க வேண்டும்.

சும்மா இருந்தால் இந்தியர். எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர்.

எழுதிக் கொடுத்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். பெரும்பாலானவர்கள் எதுவும் எழுதவில்லை. அதனால்தான் ஒரே தெருவில், சில சமயம் ஒரே குடும்பத்திலேயே, அண்ணன் வம்சம் பிரெஞ்சாகவும் தம்பி வம்சம் இந்தியாகவும் இருப்பதைப் பார்க்கிறோம்.

இதில் இரண்டு நுணுக்கமான விதிகள் உண்டு. 18 வயதுக்குட்பட்ட, கல்யாணமாகாத பிள்ளைகளுக்குத் தந்தை எடுத்த முடிவே பொருந்தும். தந்தை இல்லையென்றால் தாயின் முடிவு. ஆனால் கணவன் எடுத்த முடிவு மனைவிக்குப் பொருந்தாது. அவர் தனியாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அதனால் தாத்தா பிரெஞ்சு, பாட்டி இந்தியர் என்ற குடும்பங்களும் உண்டு.

சைகோனில் பிறந்தவர்கள் கதை வேறு

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் பலர் இந்தோசீனாவுக்கு, குறிப்பாக சைகோனுக்கு, வேலைக்குப் போனார்கள். ராணுவம், போலீஸ், சுங்கம், அலுவலகம் எனப் பல துறைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு அங்கே பிள்ளைகளும் பிறந்தன.

1962 ஒப்பந்தத்தின் தானியங்கி மாற்றம் "இந்தப் பகுதிகளில் பிறந்தவர்களுக்கு" மட்டும்தான். சைகோனில் பிறந்து ஊர் திரும்பியிருந்த பிரெஞ்சு குடிமக்கள் அந்த வரையறைக்குள் வரவில்லை. எதையும் எழுதிக் கொடுக்காமலேயே அவர்களின் பிரெஞ்சு குடியுரிமை தொடர்ந்தது. புதுச்சேரியில் பிறந்து, அந்தத் தேதியில் இந்தியாவுக்கும் இந்தப் பகுதிகளுக்கும் வெளியே வேறொரு நாட்டில் குடியிருந்தவர்களும் பிரெஞ்சுக்காரர்களாகவே நீடித்தார்கள்.

ஆக, "உங்க தாத்தா எழுதிக் கொடுத்தாரா?" என்பது பாதிக் கேள்விதான். "எங்கே பிறந்தார், 1962-ல் எங்கே இருந்தார்?" என்பது மீதிப் பாதி.

பிரெஞ்சுப் பெயர் இருந்தால் போதுமா?

போதாது. அதிகம் பேர் ஏமாறும் இடம் இது.

1881 செப்டம்பர் 21-ம் தேதி வந்த ஓர் ஆணை, இந்தியர்கள் தங்கள் மத, சாதி வழிச் சட்டங்களை விட்டுவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர வழி செய்தது. அப்படி வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இவர்களை ரெனோன்சான் என்பார்கள். பிரெஞ்சுச் சாயலில் பல குடும்பப் பெயர்கள் புதுச்சேரியில் இருப்பதற்குக் காரணம் இது.

ஆனால் ரெனோன்சான் என்பது எந்தச் சட்டப்படி கல்யாணம், சொத்து, வாரிசு விஷயங்கள் நடக்கும் என்பதைப் பற்றியது. 1962-ல் குடியுரிமையைத் தீர்மானித்தது அது அல்ல. பிரெஞ்சுப் பெயர் வைத்திருந்தும் எழுதிக் கொடுக்காததால் இந்தியரானவர்கள் உண்டு. தமிழ்ப் பெயரோடு எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக்காரராக நீடித்தவர்களும் உண்டு.

பெயரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காகிதத்தைப் பார்க்க வேண்டும்.

தாத்தா பிரெஞ்சுக்காரர் என்றால் பேரனும் பிரெஞ்சுக்காரரா?

பிரெஞ்சு சட்டத்தில் குடியுரிமை ரத்த வழியாக இறங்கும். அப்பா, அம்மா இருவரில் ஒருவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் பிள்ளையும் பிரெஞ்சுக்காரர்தான். எந்த ஊரில் பிறந்தது என்பது முக்கியமில்லை.

ஆனால் ஒரு தலைமுறை இதை அப்படியே கிடப்பில் போட்டுவிட்டால்?

அங்கேதான் 50 ஆண்டு விதி வருகிறது. பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 30-3 பிரிவு இதைச் சொல்கிறது. ஒரு குடும்பம் அரை நூற்றாண்டுக்கு மேல் பிரான்ஸுக்கு வெளியே வாழ்ந்திருந்து, விண்ணப்பிப்பவரும் அவருக்கு அந்த வழியைத் தர வேண்டிய அப்பா அல்லது அம்மாவும் அதுவரை பிரெஞ்சுக்காரர்களாக நடந்துகொண்டதற்கோ நடத்தப்பட்டதற்கோ ஆதாரமே இல்லை என்றால், வம்சாவளியைக் காட்டி இனிமேல் உரிமை கோர முடியாது.

1962 ஆகஸ்ட் 16 வரை புதுச்சேரியே பிரெஞ்சு மண். எனவே இங்குள்ளவர்களுக்கு அந்த 50 ஆண்டு 2012 ஆகஸ்டில் முடிந்துவிட்டது.

ஆதாரம் என்றால் என்ன? பிரெஞ்சு பாஸ்போர்ட், அடையாள அட்டை, துணைத் தூதரகத்தில் பதிவு, பிரெஞ்சு வாக்காளர் பட்டியல், ராணுவ சேவைப் பதிவு போன்றவை. இவை தொடர்ந்து இருந்த குடும்பங்களுக்குச் சிக்கல் இல்லை. "தாத்தா சொல்தா, பென்ஷன் வாங்கினார், ஆனா அப்பா எதுவும் பதிவு செய்யல, நாங்களும் செய்யல" என்ற குடும்பங்களுக்குத்தான் கதவு அடைபடுகிறது.

அதனால் "எங்க குடும்பம் பிரெஞ்சு" என்பதும் "என் கையில் பிரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கிறது" என்பதும் ஒன்றல்ல.

நிச்சயதார்த்தத்துக்கு முன் எதைப் பார்க்கணும்?

துணைவர் விசா கேட்கும்போது முதலில் நிரூபிக்க வேண்டியது, கல்யாணம் செய்துகொண்டவர் பிரெஞ்சுக்காரர் என்பதைத்தான். கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

• நடப்பில் உள்ள பிரெஞ்சு பாஸ்போர்ட் அல்லது தேசிய அடையாள அட்டை இருக்கிறதா?

• அவருடைய பிறப்பு பிரெஞ்சு பதிவேட்டில் ஏறியிருக்கிறதா? பிரெஞ்சு பிறப்புச் சான்றின் நகல் கிடைக்குமா?

• "அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்கிறார்களா? அப்படியென்றால் இப்போதைக்கு உரிமை நிரூபிக்கப்படவில்லை என்றுதான் அர்த்தம். பிரெஞ்சு குடியுரிமைச் சான்றிதழ் நீதிமன்றம் வழியாக வருவது. வெளிநாட்டில் பிறந்து அங்கேயே வசிப்பவர்களின் விண்ணப்பம் பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போகும். மறுக்கப்படவும் வாய்ப்பு உண்டு.

• அவருக்கு முன்பு கல்யாணம் ஆகியிருந்தால், விவாகரத்து பிரெஞ்சு பதிவேட்டிலும் ஏறியிருக்கிறதா? அது ஏறாதவரை பிரெஞ்சு அரசின் கண்ணில் அவர் இன்னும் கல்யாணமானவர்தான்.

• பெயர் எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா? நம்ம ஊரில் இனிஷியல், பிரான்ஸில் குடும்பப் பெயர். ஒன்றில் அப்பா பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். ஓர் எழுத்து மாறினாலும் கேள்வி வரும்.

கல்யாணத்தை எந்த வரிசையில் செய்யணும்?

கோயிலிலோ சர்ச்சிலோ தாலி கட்டினால் மட்டும் போதாது. சிவில் பதிவு வேண்டும். அதற்கும் முன்பாகவே வேலை தொடங்கிவிடுகிறது.

முதல் படி: பிரெஞ்சுக்காரரான துணை, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் கல்யாணத் தகுதிச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கல்யாண அறிவிப்பு 10 நாட்கள் ஒட்டப்படும். தேவைப்பட்டால் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள். இருவரும் மனம் ஒப்பித்தான் கல்யாணம் செய்கிறார்களா என்று பார்ப்பதே இதன் நோக்கம்.

இரண்டாம் படி: இந்தியச் சட்டப்படி கல்யாணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. சிறப்புத் திருமணச் சட்டத்தில் செய்பவர்கள் 30 நாள் நோட்டீஸ் காலத்தையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: அந்தக் கல்யாணத்தை பிரெஞ்சு பதிவேட்டில் ஏற்றுவது. இதை டிரான்ஸ்கிரிப்ஷன் என்பார்கள். இது முடிந்ததும் பிரெஞ்சு கல்யாணச் சான்றும், லிவ்ரே த ஃபமிய் எனப்படும் குடும்பப் புத்தகமும் கிடைக்கும்.

முதல் படியை விட்டுவிட்டுக் கல்யாணம் செய்தால் எல்லாமே செல்லாது என்றில்லை. ஆனால் பதிவேட்டில் ஏற்றும் முன் இருவரிடமும் விசாரணை நடக்கும். சந்தேகம் வந்தால் கோப்பு பிரான்ஸின் நாந்த் நகரில் உள்ள அரசு வழக்கறிஞருக்குப் போகும். மண்டபம் புக் பண்ணும் முன் தூதரகக் கோப்பைத் திறந்துவிடுவது நல்லது.

விசா மறுக்கப்படுமா?

கல்யாணம் பிரெஞ்சு பதிவேட்டில் ஏறிவிட்டால், விசா கட்டம் ஒப்பீட்டளவில் எளிது. பிரெஞ்சுக்காரரின் துணைவருக்கான நீண்டகாலத் தங்கல் விசாவை மூன்று காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம் என்று பிரெஞ்சு சட்டமே சொல்கிறது.

• மோசடி

• கல்யாணம் ரத்தானது

• பொது அமைதிக்கு ஆபத்து

இவ்வளவு சம்பளம் இருக்கணும், பேங்கில் இவ்வளவு பணம் இருக்கணும் என்ற நிபந்தனை இதில் இல்லை. விசா கட்டணமும் கிடையாது. விண்ணப்பத்தை பிரான்ஸ்-விசா இணையதளத்தில் பூர்த்தி செய்து, விசா மையத்தில் நேரில் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும்.

"டூரிஸ்ட் விசாவில் போயிடுவோம், அங்கே போய் மாத்திக்கலாம்" என்ற யோசனையை நம்ப வேண்டாம். இந்தியாவில் கல்யாணம் நடந்தவருக்குச் சரியான வழி நீண்டகால விசாதான்.

போய் இறங்கிய பிறகு?

இறங்கிய 3 மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் செல்லுபடியாக்க வேண்டும். அதற்கு முத்திரைக் கட்டணம் உண்டு. இதைத் தவறவிட்டால் தங்கியிருப்பதே சட்டப்படி சிக்கலாகிவிடும்.

இந்த விசாவே முதல் ஆண்டுக்கான குடியிருப்பு அனுமதி. தனியாக ஒர்க் பெர்மிட் தேவையில்லை. முதல் நாளிலிருந்தே வேலைக்குப் போகலாம்.

குடிவரவு அலுவலகமான ஒஃபி அழைப்பு அனுப்பும். மொழித் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, பிரெஞ்சுச் சமூகம் பற்றிய 4 நாள் வகுப்பு எல்லாம் இதில் வரும். பிரெஞ்சு தெரியாவிட்டால் மொழிப் பயிற்சிக்கும் அனுப்புவார்கள்.

விசா முடியும் தேதிக்கு 4 மாதம் முதல் 2 மாதம் முன்புவரை புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். அடுத்து கிடைப்பது 2 ஆண்டு அட்டை. கல்யாணமாகி 3 ஆண்டு முடிந்து, அங்கே முறைப்படி வசித்திருந்தால் 10 ஆண்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

மொழி விதிகள் 2026 ஜனவரி 1 முதல் கடுமையாகிவிட்டன.

• பல ஆண்டு அட்டைக்கு: ஏ2 நிலை

• 10 ஆண்டு அட்டைக்கு: பி1 நிலை

• குடியுரிமைக்கு: பி2 நிலை

மொழியோடு குடிமைத் தேர்வு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. கல்யாணத்துக்கும் விசாவுக்கும் இடையே இருக்கும் மாதங்களில் பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்துவிட்டால் பின்னால் பெரிய சுமை குறையும்.

பிரிந்துவிட்டால் என்ன ஆகும்?

வரன் பேசும்போது யாரும் கேட்காத, ஆனால் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

இந்த அட்டை கணவன்-மனைவி சேர்ந்து வாழ்வதை அடிப்படையாகக் கொண்டது. சேர்ந்து வாழ்வது நின்றுவிட்டால் புதுப்பிக்க மறுக்கலாம், கொடுத்ததைத் திரும்பவும் பெறலாம். மொழி தெரியாத ஊரில், சொந்தபந்தம் இல்லாத இடத்தில், "நான் இல்லைன்னா உனக்கு விசா இல்லை" என்ற ஒரு வாக்கியமே மிரட்டலாக மாறிவிடும்.

ஆனால் அந்த வாக்கியம் முழு உண்மை இல்லை. சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன.

• துணைவர் இறந்துவிட்டால், அதையே காரணம் காட்டி அட்டையைப் பறிக்க முடியாது.

• குடும்ப வன்முறையால் பிரிந்திருந்தால், சேர்ந்து வாழவில்லை என்று சொல்லி அட்டையைப் பறிக்க முடியாது. புகார், மருத்துவச் சான்று, நீதிமன்றப் பாதுகாப்பு உத்தரவு போன்றவை ஆதாரமாக உதவும்.

• பிரெஞ்சு குடியுரிமை உள்ள குழந்தை இருந்து, அதை வளர்ப்பதில் பங்கெடுப்பவராக இருந்தால், பெற்றோர் என்ற முறையில் தனியாகவே அனுமதி கேட்கலாம்.

பிரான்ஸில் வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 3919 என்ற இலவச உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அழைப்பவர் பெயர் சொல்லத் தேவையில்லை. பெட்டி கட்டும்போதே இந்த எண்ணை போனில் சேமித்து வைக்கலாம். பாஸ்போர்ட், குடியிருப்பு அட்டை, கல்யாணச் சான்று ஆகியவற்றின் நகலைத் தன் மெயிலிலும், அம்மா வீட்டில் ஒரு பிரதியாகவும் வைத்திருப்பது நல்லது.

கல்யாணம் ஆனால் பிரெஞ்சு குடியுரிமை தானாக வருமா?

வராது. கல்யாணமாகி 4 ஆண்டு முடிந்த பிறகே விண்ணப்பிக்கலாம். கல்யாணத்துக்குப் பின் 3 ஆண்டு தொடர்ந்து பிரான்ஸில் வசித்ததையோ, வெளிநாட்டில் வாழ்ந்த காலம் முழுவதும் துணைவர் வெளிநாடு வாழ் பிரெஞ்சுக்காரர் பதிவேட்டில் இருந்ததையோ காட்ட முடியாவிட்டால் 5 ஆண்டு ஆகும். அதுவரை சேர்ந்து வாழ்வது அறுபடாமல் இருக்க வேண்டும். மொழித் தகுதியும் வேண்டும்.

அப்போது இந்திய பாஸ்போர்ட்? இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955 குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை பெற்ற உடனே இந்தியக் குடியுரிமை போய்விடும். இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு ஓசிஐ அட்டை வாங்கலாம். அதில் வந்துபோகலாம், தங்கலாம். ஆனால் ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது.

குடியிருப்பு அட்டையோடு மட்டும் பிரான்ஸில் வாழ்பவர் இந்தியராகவே தொடர்வார். 10 ஆண்டு அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இந்திய பாஸ்போர்ட்டோடு இருக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

பிரிட்டனில் இருக்கும் "தாத்தா வழி விசா" இதேதானா?

இல்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் பேசப்படும் பிரிட்டன் வம்சாவளி விசா வேறு வகை. காமன்வெல்த் நாட்டுக் குடிமகனாக, 17 வயது நிரம்பியவராக இருந்து, தாத்தா அல்லது பாட்டி பிரிட்டனில் பிறந்திருந்தால், அங்கே வேலை செய்யும் எண்ணத்தோடு 5 ஆண்டு விசா கேட்கலாம். கணவன் அல்லது மனைவியும் சார்ந்திருப்பவராக விண்ணப்பிக்கலாம்.

முக்கியமான வித்தியாசம், அங்கே பேரனுக்குக் கிடைப்பது விசா. புதுச்சேரிக் குடும்பங்களில் இறங்கி வருவது குடியுரிமையே.

சுருக்கமாகச் சொன்னால்

• பிரெஞ்சு நேஷனாலிட்டி என்பது பெயரிலோ பேச்சிலோ இல்லை, பதிவேட்டில் இருக்கிறது. தாத்தா 1962-ல் எங்கே இருந்தார், என்ன எழுதினார், அதன் பிறகு குடும்பம் அதைப் பதிவில் காப்பாற்றியதா என்பதே கேள்வி.

• தகுதிச் சான்று, சிவில் பதிவு, பிரெஞ்சு பதிவேடு, விசா. வரிசை மாறினால் தாமதம்.

• விசாவுக்குச் சம்பள நிபந்தனை இல்லை. ஆனால் அட்டையைப் புதுப்பிக்க மொழியும், சேர்ந்து வாழ்வதும் வேண்டும்.

• வன்முறையைச் சகித்துக்கொண்டால்தான் விசா நிலைக்கும் என்பது பொய். சட்டத்தில் பாதுகாப்பு உண்டு.

ஜாதகப் பொருத்தம் பார்க்கும் அன்றே, அந்த பிரெஞ்சு பிறப்புச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிடுங்கள்.